ஸ்குவாட் எங்கே தப்புகிறது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

குடியாத்தம், பரதராமி பக்கம் 'உட்காரு' என்று சொல்வதை விட 'குந்து' என்று சொல்வதுதான் அதிகம். ஸ்குவாட் என்பதும் அந்தக் குந்துதல்தான். எங்கள் அப்பா காலத்தில் அதற்குப் பஸ்கி என்று பேர். எல்லை தாண்டி சித்தூர் பக்கத்தில் இருந்து வரும் பையன்கள் தோப்புக்கரணத்தைக் குஞ்சீலு என்பார்கள். ஆக, இந்த அசைவு நம்மில் யாருக்கும் புதிது இல்லை. ஆனாலும் முதுகில் ராடு, அதாவது பிளேட் மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பி, ஏறியதும் நன்றாகக் குந்தத் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

போன வருடம் ஒரு தம்பி வந்தான், விவசாயக் குடும்பம். முதல் வாரமே கேட்டான்: "அண்ணா, கழனியில நாள் முழுக்கக் குந்திதான் மல்லாட்டைக்குக் களை எடுக்கறேன். இங்க மட்டும் ஏன் தள்ளாடுது?" நல்ல கேள்வி. கழனியில் அவன் சுமப்பது தன் உடம்பை மட்டும். கை முன்னால் இருக்கிறது, குதிகால் எழுந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ராடு ஏறியதும் மேல்முதுகில் ஒரு தனிப் பாரம் வந்துவிடுகிறது. அந்தப் பாரம் இறங்கும்போதும் ஏறும்போதும் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலேயே இருக்க வேண்டும். ஷூ லேஸ் முடிச்சு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற பிழைகளில் முக்கால்வாசி, ராடு அந்தக் கோட்டை விட்டு விலகியதால் வருபவைதான். வலி முட்டியில் இருக்கும், காரணம் மேல்முதுகில் இருக்கும். அதனால் வலிக்கிற இடத்தை மட்டும் பார்த்து வைத்தியம் பண்ணாதீர்கள்.

எந்தப் பிழைக்கும் முன்னால்

போனை ஒரு ஸ்டூல் மேல் இடுப்பு உயரத்தில் வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் இருந்து ஒரு செட்டை (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் சில குந்துதல்களை) வீடியோ எடுங்கள். இன்னொரு செட்டை முன்னால் கொஞ்சம் கோணலாக வைத்து எடுங்கள். தரையில் வைத்து எடுத்தால் ஆழம் உள்ளபடி தெரியாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஸ்குவாட் பண்ணுவதும் வேண்டாம், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்தும் தோளும் கூடவே திரும்பிவிடும்.

அப்புறம் ராடின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிம்பிக் ராடு 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். பெண்களுக்கானது 15 கிலோ. சின்ன ஊர் ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராடு அதை விட லேசானது, ஒவ்வொன்றும் ஒரு எடை, எடை மெஷினில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். வெளியூர் ஜிம்முக்குப் போய் 'நான் 60 போடுவேன்' என்று ஏற்றிய பிறகுதான் இது பலருக்கு உறைக்கிறது.

ஒரே நாளில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். காலையும் கையையும் மூச்சையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

குதிகால் தூக்குகிறது, அல்லது முன்பாதத்தில் பாரம் விழுகிறது

புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான். முதலில் ஷூவைப் பாருங்கள். ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூ அடியில் அமுங்கும், ஒவ்வொரு ரெப்பிலும் (ஒரு முறை குந்தி எழுவது ஒரு ரெப்) ஒவ்வொரு பக்கம் அமுங்கும். அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் அல்லது தட்டையான கேன்வாஸ் ஷூவில் அதே எடையைப் பண்ணிப் பாருங்கள். சிலருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துபோகும்.

முடியவில்லை என்றால் கணுக்காலைச் சோதியுங்கள். சுவரைப் பார்த்து ஒரு காலை முன்னால் வைத்து, பெருவிரலுக்கும் சுவருக்கும் சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டு, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். இரண்டு காலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம் நிஜமாகவே இருக்கிறது. அதே சோதனையையே பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு காலுக்கும் 10, 15 முறை, ஸ்குவாட்டுக்கு முன்னால். அது சரியாகும் வரை குதிகாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் சின்ன பிளேட் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. எடைதூக்கும் வீரர்கள் போடும் ஷூவில் கெட்டியான குதிகால் சுமார் 2 செ.மீ. உயர்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கணுக்கால் நன்றாக இருக்கிறது, ஷூவும் தட்டை, இருந்தும் குதிகால் எழுகிறதா? வீடியோவில் ராடைப் பாருங்கள். இறங்க ஆரம்பிக்கும்போதே மார்பு சரிந்து ராடு விரல்களுக்கு மேலே போயிருக்கும். அப்படியானால் பிழை காலில் இல்லை, அடுத்ததைப் படியுங்கள்.

எழும்போது இடுப்பு முதலில் மேலே போய், மார்பு குனிந்துவிடுகிறது

பக்கவாட்டு வீடியோவில் இது பளிச்சென்று தெரியும். அடியில் இருந்து கிளம்பும்போது இடுப்பு மட்டும் எழும், ராடு இருந்த இடத்திலேயே இருக்கும், அப்புறம் முதுகை வைத்து ராடை நிமிர்த்துவார்கள். கால் செய்ய வேண்டிய வேலை கீழ்முதுகுக்குப் போய்விடுகிறது. அடுத்த நாள் தொடை வலிக்காமல் இடுப்புக்கு மேலே மட்டும் பிடித்துக்கொள்கிறது என்றால் அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது.

இந்தப் பிழையைப் பற்றி எனக்கு நிறையவே சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நானே இதில் எட்டு மாதம் வீணடித்தேன். அப்போது போய்க்கொண்டிருந்த ஜிம்மில் மாஸ்டர் வாராவாரம் பிளேட்டை ஏற்றச் சொன்னார், நானும் ஏற்றினேன், எண் ஏறியது, தொடை அப்படியே இருந்தது. ஒரு நாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து வெறும் ராடில் வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெறும் ராடிலேயே என் இடுப்புதான் முதலில் எழுகிறது. எடை அந்தப் பிழையைப் பெரிதாக்கியதே தவிர உண்டாக்கவில்லை.

சரிசெய்த விதம் இது. எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். ராடுக்கு அடியில் நுழைவதற்கு முன்பே கையால் ராடை இறுக்கிப் பிடித்து, முழங்கையைக் கீழ்நோக்கி இழுத்து, மேல்முதுகு திரண்டு நிற்கும்படி செய்துகொண்டேன். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. மேல்முதுகு தளர்ந்திருந்தால் ராடு உருளும், ராடு உருண்டால் மார்பு சரியும். அப்புறம் ஒவ்வொரு ரெப்பிலும் அடியில் இரண்டு முதல் மூன்று நொடி நிறுத்தினேன். நிறுத்தும்போது தளர்ந்துவிடக் கூடாது, அதே இறுக்கத்தில் நிற்க வேண்டும். எழும்போது மனதில் ஒரே நினைப்பு: முதுகால் ராடை மேலே தள்ளு. 'இடுப்பை எழுப்பு' என்று நினைத்தால் இடுப்பு மட்டும்தான் எழும். ஆறு வாரத்தில் மார்பும் இடுப்பும் சேர்ந்து எழ ஆரம்பித்தன. பழைய எடைக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது.

சடாரென்று இறங்கி அடியில் துள்ளி எழுகிறவர்களுக்கும் இதே பிழை வரும். இறங்க இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி உள்பக்கமாக மடங்குகிறது

முன்னால் இருந்து எடுத்த வீடியோவில் பாருங்கள். முட்டி பாதத்தின் இரண்டாவது விரல் பார்க்கிற திசையிலேயே போக வேண்டும். எழும்போது கொஞ்சம் உள்ளே வந்து திரும்பப் போவது நிறையப் பேருக்கு நடக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டு முட்டியும் ஒன்றையொன்று தேடிப் போவதுபோல மடங்கினால் எடை அதிகம், அவ்வளவுதான். குறையுங்கள்.

எடை குறைந்தும் மடங்கினால் நிற்கும் விதத்தை மாற்றுங்கள். பாதம் தோள் அகலம், விரல் 15 முதல் 30 டிகிரி வெளிப்பக்கம். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால், இந்த மூன்றும் தரையைப் பிடித்திருக்க வேண்டும். பெருவிரல் அடி எழுந்தால் 'முட்டியை வெளியே தள்ளு' என்று சொன்னதை அளவுக்கு மீறிச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். தொடையில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு வெறும் உடம்பில் பத்து ரெப் பண்ணினால் அந்த உணர்வு பிடிபடும். அதற்கு மேல் பேண்டை நம்பி இருக்க வேண்டாம்.

'முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது 130 கிலோவைத் தூக்கிக் காட்டினார். நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். எடைதூக்குபவர்கள் ராடைத் தோளில் வாங்கி அடியில் குந்தும் நொடியை நிறுத்திப் பாருங்கள், முட்டி விரலைத் தாண்டித்தான் இருக்கும். முட்டி முன்னால் வராமல் இருக்க இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால், அந்தப் பாரம் கீழ்முதுகில்தான் இறங்கும். ஏற்கெனவே முட்டி வலி இருப்பவர்கள் ஆழத்தையும் எடையையும் படிப்படியாக ஏற்ற வேண்டும், அது வேறு.

அடியில் இடுப்பு உள்ளே சுருட்டிக்கொள்கிறது

கொஞ்சம் சுருள்வது எல்லோருக்கும் உண்டு. பாரத்தோடு கீழ்முதுகு வில்லாக வளைவதுதான் பிரச்சினை. வீடியோவில் எந்த உயரத்தில் அது ஆரம்பிக்கிறது என்று பார்த்து, இப்போதைக்கு அதற்கு இரண்டு விரல் மேலே நிறுத்துங்கள். அப்புறம் கால் அகலத்தையும் விரல் கோணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். இடுப்பெலும்பின் குழி ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருக்காது, அதனால் நண்பனின் நிலையைப் பார்த்து நிற்காதீர்கள். சிலர் அகலமாக நின்றால் சட்டென்று ஆழம் கிடைக்கிறது, சிலருக்கு நேர்மாறு.

ஆழம் போகவே மாட்டேன் என்கிறது

பவர்லிஃப்டிங் போட்டியில் தொடை இடுப்போடு மடிகிற இடம் முட்டியின் மேல்பக்கத்தை விடக் கீழே போனால்தான் கணக்கு. போட்டிக்குப் போகாதவர்களுக்கும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். இந்தியன் டாய்லெட்டில் சிரமமில்லாமல் குந்தத் தெரிந்த ஒருவர் ராடோடு பாதியில் நிற்கிறார் என்றால், பெரும்பாலும் பயமும் அதிக எடையும்தான் காரணம், இறுக்கம் இல்லை. ஒரு டம்பெல்லை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குந்துங்கள். பாரம் முன்னால் இருப்பதால் உடம்பு தானாக நிமிரும், ஆழமும் தானாக வரும். ஒரு மாதம் இதைப் பண்ணிவிட்டு ராடுக்குத் திரும்பினால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

பயத்துக்கு மருந்து, ராடை வைக்கும் ரேக்கில் இருக்கிறது. பக்கவாட்டுத் தடுப்புக் கம்பிகளை உங்கள் அடிநிலைக்கு ஓர் அங்குலம் கீழே வையுங்கள். வெறும் ராடோடு வேண்டுமென்றே ஒரு முறை கீழே போய் ராடை அதன்மேல் இறக்கிவிட்டு வெளியே வந்து பாருங்கள். எழ முடியாமல் போனால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு பாதியில் நிற்காது. தடுப்பு இல்லாத ரேக்கில், ஆளும் இல்லாத நேரத்தில், கடைசி ரெப் வரை போய் முட்டிப் பார்க்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கழுத்து எலும்பில் குத்துகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

சட்டைக் காலரைத் தாழ்த்திப் பாருங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் துருத்தி நிற்கும் எலும்பின்மேல் சிவப்புக் கோடு இருந்தால் ராடு அதிக உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, தோளைப் பின்னால் இழுக்கும்போது திரளும் சதைமேல் ராடு உட்கார வேண்டும். ஸ்பாஞ்சு சுற்றிக்கொண்டால் குத்துவது குறையும், ஆனால் ராடு இன்னும் உயரே போய் உருளும்.

மணிக்கட்டு வலி என்றால் கையால் ராடைத் தாங்குகிறீர்கள். தாங்குவது முதுகு, கை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. பிடியை ஒரு விரல் அகலமாக்குங்கள், மணிக்கட்டை நேராக வையுங்கள்.

ராடு ஒரு பக்கம் சாய்கிறது

உடம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்க பிளேட்டும் ஒரே எடையா, தரை சமமா, ராடின் நடுவில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். ராடில் சொரசொரப்பான கோடுகள் முடியும் இடத்தை அடையாளமாக வைத்து இரண்டு கையும் ஒரே தூரத்தில் பிடியுங்கள். அதற்கும் பிறகு இடுப்பு ஒரு பக்கமே போனால் கணுக்கால் சோதனையை இரண்டு காலுக்கும் மறுபடி பண்ணுங்கள். எங்கள் ஊரில் தறிக்குழியில் காலை வைத்து மணிக்கணக்காக உட்கார்ந்து நெய்கிற ஓர் அண்ணனுக்கு ஒரு கணுக்கால் மட்டும் இறுகியிருந்தது, இடுப்பு எப்போதும் மற்ற பக்கமே போகும். அந்த ஒரு காலுக்கு மட்டும் கூடுதலாகப் பயிற்சி கொடுத்த பிறகு நேரானது.

கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, அல்லது செட் முடிந்ததும் தலை சுற்றுகிறது

இரண்டுமே மூச்சில் தொடங்குபவை. குடியாத்தத்துக் கைலி கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூச்சை வயிற்றுக்குள் இழுங்கள். கட்டு முன்னால் மட்டும் இறுகினால் பாதி மூச்சு. விலாவிலும் பின்முதுகிலும் சேர்த்துச் சுற்றிலும் இறுக வேண்டும். அந்த இறுக்கத்தோடு இறங்கி, எழுந்து முக்கால்வாசி மேலே வந்த பிறகு மூச்சை விடுங்கள். பெல்ட் செய்வதும் இதே வேலைதான். மூச்சு பழகாதவர்களுக்குப் பெல்ட் உதவாது.

தலை சுற்றுவது பெரும்பாலும் ஒரே மூச்சில் மூன்று நான்கு ரெப் போவதால். ஒவ்வொரு ரெப்புக்கும் மேலே நின்று மூச்சை விட்டு, புதிதாக இழுத்துக்கொண்டு இறங்குங்கள். வெறும் வயிற்றோடு சித்திரை வெயிலில் வருகிறவர்களுக்கும் சுற்றும், ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் முன்னால் இருக்கட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், ஜிம்மில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள்.

சதை பிடித்துக்கொள்வதற்கும் வேறு வலிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போவது, கால் பலமிழப்பது, முட்டி வீங்குவது, பூட்டிக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணெய் தடவிப் பார்க்கும் நேரம் அது இல்லை.

எல்லாம் சரி, எடை மட்டும் ஏறவில்லை

ஒவ்வொரு முறையும் மொத்தம் 2.5 கிலோ ஏற்றினால் போதும், அதாவது ஒரு பக்கத்துக்கு 1.25. அந்தச் சின்ன பிளேட் உங்கள் ஜிம்மில் இல்லை என்றால் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், செய்த செலவுக்கு அதை விட நல்ல பலன் வேறெதிலும் நான் கண்டதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஐந்து ரெப்பாக மூன்று செட். கடைசி ரெப் முதல் ரெப்பைப் போலவே இருந்தால் மட்டும் அடுத்த முறை ஏற்றுங்கள். ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு நேராக வருகிற தம்பிகளிடம் நான் ஏற்றாதே என்றுதான் சொல்கிறேன். தூங்காத உடம்பில் முதலில் மேல்முதுகுதான் தளரும்.

வருடா வருடம் இன்னொன்றும் நடக்கும். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் யாரும் ஜிம் பக்கம் வருவதில்லை, வந்த முதல் நாளே விட்ட எடையை ஏற்றுகிறார்கள். 60 கிலோவில் விட்டவர் 50-ல் ஆரம்பியுங்கள், அடுத்த முறை 55, அதற்கடுத்து 60. முதல் நாள் செட்டை மறுபடி பக்கவாட்டில் இருந்து வீடியோ எடுத்து, ராடு லேஸ் முடிச்சுக்கு நேராகவே இறங்கி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை பிளேட்டைத் தொடுங்கள்.